மணி அடிக்கும் முன்னே எழுதிய செய்தி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பொய்யை எழுதியவள் நான். இரண்டு நாள் முன்பு ஆசிரியர் அறையில், ஆறிப்போன தேநீருக்கும் திருத்தாத கட்டுரை நோட்டுகளுக்கும் நடுவே உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கவனமும் இல்லை.

இன்று மே இருபத்து மூன்று. கடைசி மணி நாளை மறுநாள். எங்கள் சாரி-தோபோவில் மட்டுமல்ல, கிர்கிஸ் நாடு முழுக்க மே இருபத்தைந்தில்தான் பள்ளி ஆண்டை மணியடித்து முடிப்பார்கள். பதினோராம் வகுப்பு முடித்து வெளியேறும் பையன் ஒருவன் முதல் வகுப்புச் சிறுமி ஒருத்தியைத் தோளில் ஏற்றிக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வருவான். தலையைவிடப் பெரிய வெள்ளை ரிப்பன் பூவோடு அவள் கைமணியை ஆட்டுவாள். அந்த மணி அடித்தால்தான் ஆண்டு முடிந்ததாகக் கணக்கு. அடித்ததும் எல்லாரும் அழுவார்கள். அழுது முடித்ததும் எல்லாரும் இறைச்சிச் சோறு சாப்பிடப் போவார்கள்.

அதைப் பற்றிய செய்தியை மாவட்டத்துக்கு எழுதி அனுப்புவது மொழி ஆசிரியையான என் வேலை. பத்தொன்பது வருடமாக எழுதுகிறேன். செய்தி நிகழ்ச்சிக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது விதி. எல்லாப் பள்ளிச் செய்திகளையும் அடுக்கி ஒன்றாக வெளியிட அவர்களுக்கு அவகாசம் வேண்டுமாம். ஆகவே எங்கள் ஊரில் விழா நடப்பதற்கு நான்கு நாள் முன்பே அது சிறப்பாக நடந்து முடிந்துவிடுகிறது. இருபத்தைந்தாம் தேதி நாங்கள் செய்வதெல்லாம் செய்திக்குக் கீழ்ப்படிவதுதான்.

2

எப்படித் தொடங்குவது? ஏற்கெனவே தொடங்கிவிட்டேன், தெரிகிறது. ஆனாலும் இதற்கு முன் எழுதிக் கிழித்தவற்றையும் பார்த்துவிடுங்கள்.

"பனிமுடி தரித்த சிகரங்கள் பொன்னொளியில் நீராடிய அந்த இனிய வசந்தக் காலையில், நம் பள்ளி எனும்—"

(செய்தி எழுதிய கை. இன்று காலையிலிருந்து தூறல். சிகரம் எதுவும் தெரியவில்லை.)

"ஒரு தாயின் இதயம் என்பது—"

(இப்படி ஆரம்பிக்கும் கட்டுரையை எட்டாம் வகுப்பில் எவன் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.)

"ஜிபார் நோவோசிபிர்ஸ்கில் மாவுக்குள் இறைச்சி வைத்து மடிக்கிறாள். ஒரு நாளில் எத்தனை மடிப்பாள் என்றால்—"

(எத்தனை என்று எனக்குத் தெரியாது. நான்கு வருடத்தில் ஒரு தடவைகூட அவளிடம் கேட்டதில்லை.)

ஆகவே பொய்யை அப்படியே வைத்துவிடுகிறேன். மே இருபத்தைந்து என்று தேதியிட்டு, இருபத்திரண்டாம் தேதியே மாவட்டத்தின் இணையப் பக்கத்தில் வெளியாகிவிட்ட என் செய்தியின் நடுப்பகுதி:

"பதினோராம் வகுப்பு மாணவனின் தோளில் அமர்ந்து முதல் வகுப்பு மாணவி குமுஷாய் மணியை ஒலித்தபோது, அதைக் கண்ணுற்ற அவளுடைய தாயாரின் விழிகளில் பொங்கிப் பெருகிய ஆனந்தக் கண்ணீர் கூடியிருந்தோரை நெகிழச் செய்தது."

("பொங்கிப் பெருகிய" என்பது தலைமையாசிரியர் சேர்த்தது. அவர் என் செய்திகளில் ஆண்டுக்கு ஒரு சொல் சேர்ப்பார்.)

இதில் உண்மை ஒன்றுதான்: குமுஷாய் முதல் வகுப்பு. பதினோராம் வகுப்பில் மாணவன் என்று ஒருவனும் இல்லை. இருந்த மூன்று பேரும் ஒன்பதாவதோடு வேலைக்குப் போய்விட்டார்கள். மிச்சம் ஏழும் பெண்கள். குமுஷாயின் தாயார் ஜிபார் இரண்டு நாள் பஸ் தூரத்தில், ரஷ்யாவில் இருக்கிறாள். குழந்தைக்கு மூன்று வயதாக இருந்தபோது போனவள்.

எப்படி நேர்ந்தது என்றால், போன வருடத்துச் செய்தியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றினேன். அதற்கு முந்தைய வருடமும் அப்படித்தான்.

3

முதல் வகுப்புப் பிள்ளைகள் இந்த வசந்தத்தில்தான் எழுத்துப் புத்தகத்தை முடித்தார்கள். முடித்த நாள் முதல் கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கிறார்கள்: மாவு மூட்டை, தீயணைப்புக் கருவி, கழிப்பறைக் கதவில் பெரியவர்கள் எழுதியது. இன்று காலை குமுஷாய் வாயிற்பக்கக் கண்ணாடிப் பலகை முன் நின்றிருந்தாள். தலைமையாசிரியர் என் செய்தியை அச்செடுத்து அங்கே ஒட்டியிருந்தார். அவள் கண்ணாடி மேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளிக்கொண்டு போனாள். 'தாயாரின்' வந்ததும் விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து வந்தது. மறுபடி அங்கேயே நின்றது.

"சைரா எஜே," என்றாள்.*

"என்னடா?"

"எங்கம்மா அழுதாங்கன்னு போட்டிருக்கு."

"ஆமா… போட்டிருக்கு."

"எங்க நின்னு அழுதாங்க?"

பத்தொன்பது வருடத்தில் என் செய்தியை வாசித்துவிட்டு ஒரு கேள்வி கேட்ட முதல் வாசகி அவள்தான்.

"இன்னும் அழல," என்றேன். "தேதியப் பாரு."

அவள் தேதியை வாசித்தாள். விரல் விட்டு எண்ணினாள். பிறகு தலையாட்டினாள், எல்லாம் சரியாகிவிட்டது என்பதுபோல. "ஆமால்ல. இன்னும் ரெண்டு நாள் இருக்கு," என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினாள்.

உங்களுக்குப் புரிகிறதல்லவா? 'தேதியப் பாரு' என்று நான் சொன்னது தப்பித்துக்கொள்ள. அவளுக்கு அது உறுதிமொழி. அவள் தானாக வாசித்த முதல் நல்ல சேதி அது. எழுதியவள் நான்.

* எஜே என்றால் அக்கா. எங்களூரில் ஆசிரியை, சமையல்காரி, பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் எஜேதான். ஆண் ஆசிரியர் அகாய். மாவட்ட அதிகாரிக்கு மட்டும் நீளமான பெயர் உண்டு. அதை ஒருவரும் சரியாகச் சொல்வதில்லை.

4

மத்தியானம் நான் வேலிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தபோது (வேலை நாளில் ஆசிரியர்கள் வேலிக்கு வண்ணம் அடிப்பது எங்களுக்குப் பாடத்திட்டத்தில் எழுதாத பாடம்) தொலைபேசி அடித்தது. பின்னணியில் இயந்திரச் சத்தம்.

"சைரா எஜே, ஜிபார் பேசறேன். யாரு எஜே அவ?"

"எவ?"

"குமுஷாய்க்கு அம்மான்னு வந்து நின்னு அழுதவ."

தூரிகையிலிருந்து நீலம் என் செருப்பில் சொட்டியது.

"ஜிபார், இன்னும் யாரும் அழல. விழாவே நாளை மறுநாள்தான்."

"அப்ப ஆளு பாத்து வச்சாச்சு. எர்மெக் வேற கட்டிக்கிட்டாரா? நேரா சொல்லுங்க எஜே. ஊர் க்ரூப்புல அம்பது பேர் கைதட்டல் போட்டிருக்காங்க. ஒருத்தர்கூட 'அவ அம்மா இங்க இல்லையே'ன்னு கேக்கல. அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்குத்தான் தெரியல."

"பைத்தியமே, உம் புருஷன் பகலெல்லாம் டிராக்டரோட மல்லுக்கட்டறான். காலைல பொண்ணுக்கு சடை பின்றான். ஒரு பக்கம் காதுக்கு மேல, ஒரு பக்கம் காதுக்குக் கீழ. பொம்பள இருக்கிற வீட்டுச் சடை அப்படியா இருக்கும்?"

மறுமுனையில் ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியவில்லை. (செய்தியாக இருந்தால் சொல்லியிருப்பேன்.)

"அப்ப யாரு அந்த அம்மா?"

"போன வருஷத்து அம்மா. பேர மட்டும் மாத்தினேன்."

இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"நாளைக்கே எடுக்கச் சொல்றேன், ஜிபார். என் தப்பு."

"குமுஷாய் படிச்சுட்டாளா?"

"ம்."

"தானாவா?"

"விரல வச்சு. திக்காம."

"திக்காமலா…" என்றாள். பிறகு, "எடுக்காதீங்க. எஜே, ஒண்ணு கேக்கணும். அவ எவ்வளவு உசரம்? போன்ல மொகம் மட்டும்தான் தெரியுது. கேட்டா 'இவ்வளவு'ன்னு கையக் காட்டறா. கை எங்க இருக்குன்னு தெரிய மாட்டேங்குது."

நான் வண்ணம் ஒட்டிய கையை என் மேலேயே வைத்துப் பார்த்தேன். "என் இடுப்புக்கு மேல. நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழ."

"நீங்க எவ்வளவு உசரம்னு மறந்துபோச்சு எஜே."

இந்த இடத்தில் ஒரு நல்ல எழுத்தாளர் ஏதாவது எழுதுவார். நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு பஸ் இருக்கு," என்றாள். "எல்லைல ரொம்ப நிறுத்தலன்னா நாளை மறுநாள் காலைல பத்துக்குள்ள வந்துடலாம். ஒவ்வொரு மேயும் அடுத்த மே, அடுத்த மேன்னு தள்ளிட்டேன். இப்பத்தான் லீவு கேட்டேன். 'போனா அப்படியே போயிடு'ன்னா மேற்பார்வைக்காரி."

"நீ என்ன சொன்ன?"

"ஏப்ரனக் கழட்டிட்டு இருக்கேன்," என்றாள்.

5

இங்கே எனக்கு ஒரு சிக்கல். தலைமையாசிரியர் முகாஷ் அகாய் மேல் சந்தேகம் வருகிறது. மனிதராக அல்ல, கதாபாத்திரமாக. அவரைக் கேலி செய்வது ரொம்பச் சுலபம். சாலையிலிருந்து தெரியும் வேலிக்கு மட்டும் வண்ணம் அடிக்கச் சொன்னவர். பூ பூக்காத பாத்தியில் பக்கத்து வீட்டு லைலாக் கிளைகளை ஒடித்து நட்டு வைக்கச் சொன்னவர். அவை இருபத்தைந்து வரை வாடாமல் இருக்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புக்கு ஆணையிட்டவர். மைக்கைப் பார்த்தால் விடமாட்டார். இவ்வளவு தயாராகக் கிடைக்கும் ஆளைப் பார்த்தால் எழுதுகிறவர்கள் கொஞ்சம் பயப்பட வேண்டும்.

ஆனால் நடந்தது இதுதான். நான் போய்ச் செய்தியை எடுத்துவிடலாம் என்றேன் (ஜிபார் வேண்டாம் என்றிருந்தாலும், எனக்குத் தூக்கம் வர வேண்டுமே). அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"சைரா, நீ என்ன பேசற? மேலிடத்துல ஆறு பேர் இதயம் போட்டிருக்காங்க! அதிகாரி போன் பண்ணி, 'அந்தத் தாயாருக்கு என் கையால பூங்கொத்து குடுக்கணும்'ங்கறாரு. இனிமே எடுக்க முடியாது. ஒரு அம்மாவ ஏற்பாடு பண்ணு."

"அம்மா வந்துட்டிருக்கா அகாய். பஸ்ல."

"பஸ்ஸ நம்பி விழா வைக்க முடியுமா? மாற்று ஏற்பாடு வேணும்."

மாற்று ஏற்பாடு சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது. பாத்மா எஜே. சாவு வீட்டில் அவர் ஒப்பாரி வைத்தால் நான்கு ஊர் தாண்டிக் கேட்கும். கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்கள்.

"அழறேன், அதுக்கென்ன," என்றார் பாத்மா எஜே. "ஆனா பொணம் இல்லாம எனக்கு வராதே அகாய்."

"இது ஆனந்தக் கண்ணீர்."

"அது எப்படி இருக்கும்?"

"கொஞ்சமா. வாய மூடிக்கிட்டு."

"வாய மூடிக்கிட்டு அழறதுக்கு நான் எதுக்கு? கணக்கு டீச்சரே போதும்," என்றவர், சரி பார்ப்போம் என்று கண்ணை மூடி ஓர் இழுப்பு இழுத்தார். ஒரே இழுப்புதான். ஆசிரியர் அறையில் நாலு பேர் கைக்குட்டை தேடினார்கள். அகாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போதும், போதும் எஜே. இது அந்தக் கண்ணீர் இல்ல."

கதவருகே குமுஷாய் நின்றிருந்தாள். அவளைத் தூக்கிப் பார்த்து ஒத்திகை செய்ய ஜானில் என்ற பெண் கூட்டி வந்திருந்தாள். ஜானில் பதினோராம் வகுப்பு, எங்கள் கைப்பந்து அணியில் வலையைக் கையால் தொடும் ஒரே பெண்.

"பாத்மா எஜே ஏன் அழறாங்க?"

"உங்கம்மாவுக்குப் பதிலா," என்று ஜானில் வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

குமுஷாய் பாத்மா எஜேயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேணாம் எஜே," என்றாள் மரியாதையாக. "எங்கம்மா வந்து அவங்களே அழுதுப்பாங்க."

பாத்மா எஜே வெங்காயக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு சமையலறையில் அவர் அழுததற்குப் பிணமும் தேவைப்படவில்லை, ஒத்திகையும் தேவைப்படவில்லை.

6

இருபத்து நான்கு. காலை.

ஒத்திகை. "பொண்ணு தோள்ல பொண்ணு உக்காந்தா நல்லாவா இருக்கு? மரபுன்னு ஒண்ணு இருக்கே," என்றார் அகாய். பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு பையனைக் கடன் கேட்கலாமா என்று யோசித்தார்.

"அகாய், எங்க வீட்ல நான் மாவு மூட்டை தூக்கறேன். கிடாவத் தூக்கி வண்டில போடறேன்," என்றாள் ஜானில். "இவ கிடா அளவுகூட இல்ல. ஒதைக்கவும் மாட்டா."

"செய்தில 'மாணவன்'னு இருக்கே."

"செய்தி போட்டோல முடிய மறைச்சுக்கிறேன்."

தூக்கினாள். குமுஷாய் மேலே போனதும் முற்றத்துச் சுவருக்கு மேலே அவள் தலை எழும்பியது. "ஐ! ரோடு தெரியுது!" என்றாள். கணவாயிலிருந்து இறங்கி ஊருக்குள் வரும் சாலை. வேறு யாருக்கும் அங்கிருந்து அது தெரியாது.

நடுவில் அவளிடம் கேட்டேன். "அம்மா எவ்வளவு உசரம்னு ஞாபகம் இருக்கா?"

அவள் இரண்டு கையையும் தொலைபேசி அளவுக்கு விரித்தாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "தெரியல எஜே. உக்காந்துட்டே பேசுவாங்க."

மத்தியானம் ஜிபாரிடமிருந்து வந்த சேதி: "கஸாக் எல்லை. வரிசை நகரல."

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். நேற்று வீட்டில் பழைய செய்திகளையெல்லாம் எடுத்து விரித்தேன். பத்தொன்பது சிறுமிகள். ஒவ்வொருத்தியின் வீட்டையும் நினைத்துப் பார்த்தேன். எட்டுப் பேரின் தாய்மார் அன்று அந்த முற்றத்தில் இருக்கவில்லை. மாஸ்கோ, கஸான், துருக்கி, ஒருத்தி மருத்துவமனை, ஒருத்தி இறந்தே இரண்டு வருடம். எல்லாரையும் ஆனந்தக் கண்ணீர் விட வைத்திருக்கிறேன். அந்த எட்டு வீட்டிலும் அந்தத் தாளை வெட்டி எங்காவது பத்திரமாக வைத்திருப்பார்கள் என்பதை நினைத்தால்—)

சாயங்காலம் முகாஷ் அகாய் என் மேசைக்கு வந்தார். "என் பேச்சு எவ்வளவு நேரம் வரும்?"

"பன்னெண்டு நிமிஷம். போன வருஷம் பதினஞ்சு. முதல் வரிசைல ஒரு பையன் மயங்கி விழுந்தான்."

"ம்," என்று போய்விட்டார். கடைசியில் அவரும் திருந்திக் குறைத்துக்கொள்ளப் போகிறார் என்று நினைத்தேன்.

7

அதே நாள், விளக்கு வைக்கும் முன். கையில் மூன்று முடிவுகள் இருக்கின்றன. பழக்கதோஷம்; நாளை நடக்கவிருப்பதை இன்றே முடித்துவைத்தால்தான் எனக்கு உணவு இறங்கும்.

முடிவு ஒன்று. மணி பத்து. குமுஷாய் தோளில் ஏறுகிறாள். மணியை உயர்த்துகிறாள். வாயிலில் கார் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. ஒரு கால்—

(இந்தக் காலை நான் கதைகளில் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். எப்போதும் புழுதிபடிந்த செருப்பு போட்டிருக்கும். எங்கள் சாலைகளில் இதுவரை எதுவும் பத்து மணிக்கு வந்ததில்லை. மாவட்ட அதிகாரியைத் தவிர.)

முடிவு இரண்டு. தாய் வரவில்லை. குழந்தை புரிந்துகொள்கிறது. புன்னகையோடு மணியை அடிக்கிறது. பெரியவர்களைவிடப் பெரியவளாகிவிடுகிறது.

(ஏழு வயதில் எதற்குப் புரிந்துகொள்ள வேண்டும்? நம் வசதிக்கு. கதைகளில் பிள்ளைகள் புரிந்துகொண்டுவிட்டால் பெரியவர்களுக்கு வேலை மிச்சம்.)

முடிவு மூன்று. தொலைபேசியை உயர்த்திப் பிடிக்கிறோம். குழந்தை மணியடிக்கிறது, எங்கோ சாலையில் ஒரு காரில், காதோடு போனை ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு தாய்—

(இதை எந்தப் பத்திரிகையும் பிரசுரிக்கும். ஆனால் கணவாயில் சிக்னல் கிடையாது. இருந்தாலும், நான்கு வருடம் தொலைபேசியிலேயே வளர்த்தவளுக்கு இன்னுமொரு தொலைபேசியைக் கொடுத்து முடிப்பது என்றால், அது அந்த மேற்பார்வைக்காரிகூடச் செய்யக்கூடியதுதான்.)

மூன்றும் வேண்டாம். தூங்கப் போகிறேன்.

8

இருபத்தைந்து. முற்றம். ஒலிபெருக்கிப் பெட்டி மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். வாழ்க்கையில் முதல் முறையாகக் கடைசி மணியை நடக்கும்போதே எழுதுகிறேன். கையெழுத்து மோசமாக இருந்தால் மன்னிக்கவும்.

எழுந்தபோது தொலைபேசியில் ஜிபாரின் சேதி இருந்தது. "பிஷ்கெக் வந்தாச்சு. கார்ல மூணு பேர் இருக்கோம். நாலாவது ஆள் கெடச்சாதான் எடுப்பேங்கறான் டிரைவர்." அதன் பிறகு ஒன்றும் இல்லை. நாலாவது ஆள் உடனே கிடைத்திருந்தால் பத்துக்கு வந்திருக்கலாம். கிடைத்தானா, எப்போது கிடைத்தான் என்று தெரியாது.

பத்து மணிக்கு அதிகாரி வந்துவிட்டார், கையில் பூங்கொத்தோடு. முதல் கேள்வியே, "எங்க அந்தத் தாயார்?" என்பதுதான்.

"வரிசைப்படி வருவாங்க ஐயா. முதல்ல என் வரவேற்புரை," என்று சொல்லி முகாஷ் அகாய் மைக்கைப் பிடித்தார்.

பன்னிரண்டாவது நிமிடத்தில் எல்லாரும் கைதட்டினோம். அவர் நிறுத்தவில்லை. இருபதாவது நிமிடத்தில் பள்ளிக் கூரையின் வரலாற்றுக்குப் போனார். எந்தத் தகரம் எந்த வருடத்துக் காற்றில் பறந்து எவர் வீட்டு மாட்டின் மேல் விழுந்தது என்பதுவரை. முப்பதில் அடுப்புக்கு நிலக்கரி. நாற்பதில், எந்தத் தாளையும் பார்க்காமல், முதல் வகுப்புப் பிள்ளைகள் பத்தொன்பது பேரையும் பெயர் சொல்லி ஆளுக்கொரு நல்ல குணம் சொன்னார். ஒருவனுக்கு, பாவம், எதுவும் கிடைக்காமல், "நல்லா சாப்பிடுவான்," என்றார். குமுஷாய் முறை வந்தபோது, "பாத்துப் படிப்பா," என்றார். ஒவ்வொரு பெயருக்கும் நடுவே அவர் கண் வாயிலுக்குப் போய் வந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவரைப் பற்றி ஐந்தாம் பகுதியில் எழுதியதை அடிக்கவில்லை, அதுவும் உண்மைதான். இதுவும் உண்மைதான். ஐம்பத்து மூன்றாவது நிமிடத்தில் அவருக்குச் சொல்ல ஒன்றும் இல்லாமல் போனது. அவர் பேச்சு போதாமல் போன ஒரே நாள் இது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, "வானிலையைப் பொறுத்தவரை…" என்று தொடங்கி, மேலே பார்த்துவிட்டு நிறுத்தினார்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மணி," என்றார்.

ஜானில் குனிந்தாள். குமுஷாய் ஏறினாள். சடை இரண்டும் இன்று நேராக இருந்தன; எர்மெக் விடியலிலிருந்து மூன்று முறை பின்னிப் பிரித்தானாம். அவன் டிராக்டர் உடையைக் கழற்றிவிட்டு, கல்யாணத்துச் சட்டையில் தகப்பன்மார் வரிசையின் கடைசியில் நின்றான். ஜானில் நடந்தாள். முதல் சுற்று.

சத்தம் இல்லை.

மணி குமுஷாயின் வலது கையில் இருந்தது. இடது கையை மணிக்குள்ளே விட்டு நாக்கை இறுகப் பிடித்திருந்தாள்.

"மணி ரிப்பேரா?" என்றார் அதிகாரி.

"மணி நல்ல நிலையில் உள்ளது," என்றார் அகாய் மைக்கில். கூட்டம் சிரித்தது.

"அடிச்சுடு கண்ணு," என்றார் அதிகாரி கனிவாக, அண்ணாந்து பார்த்து. "நீ அடிச்சதும் அம்மா வந்துடுவாங்க."

"அப்படி இல்ல," என்றாள் மேலேயிருந்து. "நான் அடிச்சதப் பாத்துத்தான் அழறாங்க. முதல்ல வரணும். பலகைல போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

இரண்டாவது சுற்று. சமையலறையிலிருந்து பாத்மா எஜே கரண்டியோடு வந்தார். "நான் இப்ப அழணுமா, வேணாமா? யாராவது ஒண்ணு சொல்லுங்க, போர்சோக் பலகாரம் எண்ணெய்ல கெடக்கு." அவர் கரண்டியோடு அங்கேயே நின்றுவிட்டார். கருகும் வாசனை வருகிறது. யாரும் நகரவில்லை.

மூன்றாவது சுற்றில் ஜானில் நடப்பதை விட்டுவிட்டாள். சுவரோரம் போய்ச் சாலையைப் பார்த்து நின்றுவிட்டாள். "என்ன தெரியுது?"

"ஆடு."

"வேற?"

"இன்னொரு ஆடு."

முற்றம் முழுக்க இப்போது மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வண்ணம் அடிக்காத உள்பக்கச் சுவரைப் பார்த்து நிற்கிறது. எங்களுக்குச் செங்கல்தான் தெரிகிறது. அதிகாரி முதல் வகுப்புக் குட்டி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். முழங்கால் காதுவரை வந்திருக்கிறது, மடியில் பூங்கொத்து. அடுத்த பள்ளிக்கு அவர் பத்தே முக்காலுக்குப் போயிருக்க வேண்டும். அங்கே அவர் வந்து சிறப்பித்துவிட்டதாகச் செய்தி வந்தாயிற்று, ஆகவே கவலை இல்லை. "இப்ப?" என்று அவரும் கேட்கிறார்.

"லாரி. ஊருக்குள்ள வரல. அப்படியே போகுது."

எர்மெக் சுவரோரம் வந்து நிற்கிறான். மகளின் செருப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறான், விழுந்துவிடுவாள் என்பதுபோல.

முகாஷ் அகாய் என்னருகே வந்தார். "மாவட்டத்துலேர்ந்து போன். பன்னெண்டுக்குள்ள உறுதிச் செய்தி கேக்கறாங்க. என்ன எழுதியிருக்கே?"

நோட்டைக் கொடுத்தேன். அவர் வாசித்தார். "ஆடு. இன்னொரு ஆடு. லாரி." பேனா சட்டைப் பையில் இருந்தது, எடுக்கவில்லை. இந்த வருடத்துக்கு அவர் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. "சரி, எழுது," என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் போனார்.

இனி உங்கள் பாடு. உங்களிடம் ஒரு கார் இருந்தால், நாலாவது ஆளும் கிடைத்துவிட்டால், கணவாயிலிருந்து அதை இறக்கிவிட உங்களுக்கு ஒரு வரி போதும். எனக்கும் ஒரு வரிதான் ஆகும், கை அரிக்கிறது. எழுத மாட்டேன். நீங்கள் எழுதுவதானாலும் முதலில் மேலே உட்கார்ந்திருப்பவளைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாலை தெரிகிற ஆள் இங்கே அவள் ஒருத்திதான்.

பதினொன்றே முக்கால். ஜானிலின் கழுத்து வியர்த்திருக்கிறது. "எறக்கி விடட்டுமா?" என்று கேட்டதற்கு மேலேயிருந்து தலை மட்டும் ஆடியது. மணிக்குள் இருக்கும் சின்ன விரல்கள் இறுக்கத்தில் வெளுத்திருக்கின்றன.

"இப்ப என்ன தெரியுது?" என்கிறாள் ஜானில்.

"இரு," என்கிறாள் குமுஷாய். "பாத்துச் சொல்றேன்."